கோபாலபுரம் ஸ்டாண்டில் ஸ்விங்

கருப்பாத்தாள் குடித்துவிட்டு வண்டியில் ஏறுகிறாள் என்று முதலாளிக்குப் புகார் போயிற்று. சொன்னவர் வண்ணாமடையில் ஏறிச் சித்தூரில் இறங்குகிற, ஓய்வுபெற்ற தாலுகா ஆபீஸ்காரர் ஒருவர். கண்டக்டரம்மாவின் முழங்கால் தொய்ந்து தொய்ந்து எழுகிறது, வளைவில் வண்டி திரும்பும்போதும் கம்பியைப் பிடிப்பதில்லை, வாய்க்குள் என்னமோ முணுமுணுக்கிறாள், என்னவென்று கேட்டால் சிரிக்கிறாள் என்று போனில் விவரமாகச் சொல்லியிருந்தார்.

முதலாளி பொன்ராஜ் அன்று மதியமே பாலக்காடு ஸ்டாண்டுக்கு வந்துவிட்டார். மூன்று பஸ்களுக்குச் சொந்தக்காரர். கருப்பாத்தாளை வண்டிக்குப் பின்னால் கூப்பிட்டு, "ஊது" என்றார்.

"என்னதுங்க?"

"வாயைத் தொறந்து ஊதுன்னேன்."

அவள் ஊதினாள். காலையில் தின்ற கொள்ளுத் துவையலின் பூண்டு வாசம்தான் அவர் முகத்தில் அடித்தது. பொன்ராஜ் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"குடிக்கலைல்ல? அப்புறம் எதுக்கு வண்டிக்குள்ள ஆடிட்டு நிக்கறே?"

"ஆட்டம் பழகறேனுங்க" என்றாள் கருப்பாத்தாள்.

கேலி பண்ணுகிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். அவளோ உள்ளதைத்தான் சொன்னாள்.

கருப்பாத்தாளுக்கு நாற்பத்தாறு வயது. எலப்புள்ளிக்குப் பக்கத்தில் வீடு. புருஷன் வேல்முருகனுக்குக் கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்கும் கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. கருப்பாத்தாளும் முதலில் கஞ்சிக்கோட்டில் ஒரு நூல் மில்லில்தான் இருந்தாள். மில்லை மூடினார்கள். அந்தச் சமயத்தில் பொன்ராஜின் வண்டியில் எந்தக் கண்டக்டரும் நிலைக்காமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவரிடம் நேரே போய், "நான் ஏறட்டுங்களா?" என்று கேட்டாள். அந்தத் தடத்தில் அதுவரை பெண் கண்டக்டர் கிடையாது. முதல் மாதம் வேடிக்கை பார்க்கவென்றே ஆட்கள் ஏறினார்கள். சில்லறை வாங்குகிற சாக்கில் விரலைப் பிடித்த ஒருவனை, சுற்றிலும் வயலைத் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில் இறக்கிவிட்டு டபுள் பெல் அடித்தாள். அதற்கப்புறம் யாரும் பிடிக்கவில்லை. பதினைந்து வருஷத்துக்கு மேலாகப் பாலக்காடு - கோபாலபுரம் ஓட்டம்தான் அவளுக்கு.

ஆட்டம் அவள் வாழ்க்கையில் வந்தது ஒரு ஜோடிச் செருப்பால். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வண்டி இல்லை. பாலக்காடு டவுனில் அஷ்ரஃப் ராவுத்தரின் செருப்புக் கடையில் கால் அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது, மாடியில் தொம் தொம்மென்று மிதிக்கிற சத்தமும் ஊதுகுழல் பாட்டும் கேட்டன.

"மேல என்னங்க நடக்குது?"

"என்ற மக நஜ்லாங்க" என்றார் அஷ்ரஃப். "பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. இப்ப ஊட்டுலயே உக்காந்து பாக்கறா. அங்க கத்துட்டு வந்த ஆட்டத்தை இங்க நாலு பேருக்குச் சொல்லிக் குடுக்கறா. ஏறிப் போய்ப் பாருங்கோ. புதுச் செருப்பை நடந்து பாத்த மாதிரியும் ஆச்சு."

மாடியில் காலி அட்டைப்பெட்டிகளைச் சுவரோரம் ஒதுக்கி இடம் பண்ணியிருந்தார்கள். ஜோடி ஜோடியாக நின்று கை கோத்திருந்தார்கள். ஒரு கால் பின்னால் போய்த் திரும்பி வந்தது, பிறகு சின்னச் சின்ன எட்டாகப் பக்கவாட்டில் போனார்கள், கைக்கடியில் நுழைந்து சுற்றினார்கள், திரும்பச் சேர்ந்தார்கள். கருப்பாத்தாள் கும்மி பார்த்திருக்கிறாள், டிவியில் எல்லா ஆட்டமும் பார்த்திருக்கிறாள். அவையெல்லாம் பார்க்கிறவர்களுக்காக ஆடுபவை. இங்கே ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. ஆடுகிற இருவரும் ஒருவரையொருவர் கவனிப்பதிலேயே மும்முரமாக இருந்தார்கள். அது அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

நஜ்லா இருபத்தேழு வயசுப் பெண். தலையில் சுற்றிய துணியின் நுனியைத் தோளுக்குப் பின்னால் செருகிக்கொண்டு வந்தாள். "அக்கா, ஒரு ஆள் குறையுது. நிக்கறீங்களா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதம்மிணி."

"சாரமில்லக்கா, பரவால்ல. இங்க யாருக்குமே தெரியாது. லீட் பண்ண ஆளே இல்ல, பசங்க ரெண்டு பேர்தான் வர்றாங்க. நீங்க லீட் பண்ணுங்க."

இந்த ஆட்டத்தில் ஒருவர் லீட், ஒருவர் ஃபாலோ. லீட் பண்ணுகிறவர் எந்தப் பக்கம் போக வேண்டும், எப்போது சுற்ற வேண்டும் என்பதைக் கையாலேயே சொல்ல வேண்டும். வாயால் சொல்லக் கூடாது. மற்றவர் அதைக் கையிலேயே வாங்கிக்கொண்டு போவார். ஸ்விங் என்று பேர். நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் கறுப்பின மக்கள் கண்டுபிடித்தது என்று நஜ்லா சொன்னாள். பகலெல்லாம் அடுத்தவன் வீட்டில், அடுத்தவன் கடையில் நின்று வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் மண்டபத்துக்கு வந்து ஆடுவார்களாம்.

"நின்னு வேலை பாத்துட்டு வந்தா?" என்று கேட்டாள் கருப்பாத்தாள்.

"ஆமாக்கா."

"அப்ப எனக்கும் முடியும்."

முடியவில்லை. முதல் நாள் அவளோடு நின்ற காலேஜ் பெண் பாதிப் பாட்டிலேயே கையை உதறிக்கொண்டாள். "மேடம், ஆன்ட்டி கை இரும்பு மாதிரி இருக்கு. நான் வேற யாரோடயாவது ஆடறேன்." சொன்னது பொய்யில்லை. ஓடுகிற வண்டியில் விழாமல் நிற்கப் பழகிய உடம்பு அவளுடையது. காலை அகட்டி, முட்டியை இறுக்கி, தோளைக் கல்லாக்கி, எவன் மேலே வந்து மோதினாலும் அசையாமல் இருப்பதுதான் இத்தனை வருஷத்துத் தொழில். ஆட்டத்துக்கு வேண்டியது நேர் எதிர். முட்டி தளர வேண்டும். எதிரில் நிற்பவரின் எடை கைக்கு வந்தால் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். கருப்பாத்தாளுக்கு வாங்கிக்கொள்ள வராது. தள்ளத்தான் வரும்.

அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தப் பெண் சொன்னதே காதில் கிடந்தது. அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாகப் போய் நின்றாள். நஜ்லாவிடம், "இதைச் சீக்கிரமாப் பழகோணும்னா என்ன பண்டோணும்?" என்று கேட்டாள்.

"தினமும் கொஞ்ச நேரம் செய்யணும்க்கா. வாரத்துக்கு ஒரு நாள் இங்க வந்தா மட்டும் போதாது."

"எனக்கு நேரமே இல்லியே கண்ணு."

நிஜமாகவே இல்லை. கோழி கூப்பிடுவதற்கு முன்னால் எழுந்து சமைத்து வைத்துவிட்டு முதல் ட்ரிப்புக்கு ஓடினால், வீடு திரும்பும்போது விளக்கு வைத்து வெகுநேரம் ஆகியிருக்கும். நஜ்லா யோசித்துவிட்டு, "டீ குடிக்கிற நேரம் கிடைக்குமா?" என்று கேட்டாள். கிடைக்கும். கோபாலபுரத்தில் வண்டி திரும்புவதற்கு முன்னால் ஹால்ட் உண்டு.

"அது போதும். ஆனா ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம்தான். இன்னிக்கு ராக் ஸ்டெப்னா அது மட்டும். பின்னால வைக்கற கால்ல எடையைப் போட்டு, திரும்ப வாங்கறது. ஆசைப்பட்டு இன்னொண்ணைத் தொடாதீங்க."

கோபாலபுரம் எல்லைச் சோதனைச்சாவடி ஊர். அந்தப் பக்கம் பொள்ளாச்சி, இந்தப் பக்கம் கேரளம். இளநீர் ஏற்றிய லாரிகளும் கோழி வண்டிகளும் வரிசை கட்டி நிற்கும். கருப்பாத்தாள் வண்டிக்குப் பின்னால், வேப்பமர நிழலில், யார் கண்ணிலும் படாத மூலையில் நின்று காலைப் பின்னால் வைத்து வாங்கினாள். மறுநாள் வேறொன்று. அதற்கடுத்த நாள் திரும்ப முதல் நாள் செய்ததே. டீயை ஆறவைத்துக் கடைசியில் ஒரே மடக்காகக் குடிப்பாள். முட்டி தளர்வதற்கு மட்டும் அந்த நேரம் போதவில்லை. ஆகவே அதை வண்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். டிக்கெட் கொடுத்துக்கொண்டே, கம்பியை விட்டுவிட்டு, பாட்டின் தாளத்தை முணுமுணுத்துக்கொண்டே முட்டியை இளக்கினாள். அதைத்தான் தாலுகா ஆபீஸ்காரர் பார்த்தது.

பொன்ராஜுக்கு இவ்வளவும் தெரியாது. "இந்த வயசுல ஆட்டமா?" என்றார்.

"வேற எந்த வயசுலீங்க? போன வயசெல்லாம் உங்க வண்டிலயே போச்சுங்க."

கருப்பாத்தாளுக்குக் கோபம் ஏற ஏறப் பேச்சில் மரியாதையும் ஏறும். அவளோடு பழகியவர்களுக்கு அது தெரியும்.

"பாசஞ்சர் சிரிக்கறாங்க, கருப்பாத்தா."

"சிரிச்சுட்டுத்தானுங்க டிக்கெட் எடுக்கறாங்க. ஒருத்தரும் எறங்கிப் போகலீங்க."

"வண்டிக்குள்ள கூடாது."

"சரீங்க. அது ஞாயந்தானுங்க. யார் மேலயாச்சும் விழுந்தா நாளைக்கு உங்களைத்தான் கேப்பாங்க. இனிக் கம்பியைப் புடிச்சுக்கறேனுங்க."

"ஸ்டாண்டுலயும் கூடாது. கோபாலபுரத்துலயும் ஆடறியாமா."

"அது எதுக்குங்க கூடாது? ஹால்ட்டுல செல்லத்துரையண்ணன் தூங்கறாருங்க. மத்த வண்டிக்காரங்க சீட்டாடறாங்க. கள்ளுக்கடைக்குப் போயிட்டு வர்றவங்களும் இருக்கறாங்க. அவங்களை யாரும் ஊதச் சொல்லலீங்களே."

"அவங்க ஆம்பளைங்க."

"எல்லாரும் ஒரே காக்கிதானுங்க போட்டிருக்கறோம்."

பொன்ராஜுக்கு முகம் சிவந்துபோயிற்று. பக்கத்து வண்டிக்காரர்கள் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "சும்மா இருந்தாத்தான் இந்தக் கிறுக்கெல்லாம் வருது. நாளையிலிருந்து ஹால்ட்டுல வண்டியைக் கழுவு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

வண்டியைக் கழுவுவது கண்டக்டர் வேலையே இல்லை. அவள் சண்டைக்குப் போகவில்லை. மறுநாள் கோபாலபுரத்தில் பக்கெட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து கழுவ ஆரம்பித்தாள். ஒரு பக்கம் முடிவதற்குள் ஹால்ட் தீர்ந்துவிட்டது. அதற்கு மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவள் வேகமாகக் கழுவினாள், அழுக்குப் பாதி போனது பாதி நின்றது, மிச்சம் பிடித்த நேரத்தில் ஈரக் காலோடு ஏறுகிற கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ராக் ஸ்டெப் போட்டாள்.

பின் சீட்டில் படுத்திருந்த செல்லத்துரைக்குத் தூக்கம் கலைந்திருந்தது. அந்த வண்டியின் டிரைவர் அவர். ஏலப்பாறைப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்து, மலைப்பாதையில் லாரி ஓட்டி, கல்யாணத்துக்குப் பிறகு பாலக்காட்டுக்கு வந்தவர். தொப்பையும் சர்க்கரை வியாதியும் உண்டு. ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இறங்கி வந்து இன்னொரு பக்கெட்டை எடுத்தார்.

"அண்ணா, நீங்க எதுக்குங்க?"

"வண்டி எனக்கும்தான வண்டி? ரெண்டு பேரு கழுவுனா வெரசா முடியும்." கழுவி முடித்துக் கையை உதறிவிட்டு அவர் கேட்டார்: "தங்கச்சி, அந்தக் கதவு கம்பி நீ இழுத்தா இழுபடவா செய்யுது? நீ சரியா இழுக்கியா தப்பா இழுக்கியான்னு அது என்னத்தச் சொல்லும்? மனுசக் கை வேணும்லா?"

"ஆருங்க வருவாங்க?"

"நான் நிக்கேன்."

கருப்பாத்தாள் அவரைப் பார்த்தாள். "நான்தான் லீட் பண்ணுவேனுங்க. நீங்க என்ற கை சொல்றபடிதான் வரோணும். ஆம்பளையா இருந்துட்டு..."

"இத்தன வருசமா உன் பெல்லுக்குத்தான தங்கச்சி வண்டிய எடுக்கேன், நிப்பாட்டுதேன். இதுல மட்டும் புதுசா என்ன கொறஞ்சிரப் போவுது?"

இரண்டு நாளில் அந்தச் செய்தி செல்லத்துரையின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. போகாமல் இருக்குமா? மூன்றாம் நாள் காலை ட்ரிப்பில் அவர் மனைவி கத்தரீனாள் பாலக்காட்டிலேயே ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தாள். கருப்பாத்தாள் டிக்கெட் கொடுக்கப் போனபோது, "கோபாலவரம் ஒண்ணு" என்றாள். கோபாலபுரத்தில் இறங்கி, வேப்பமரத்தடியில் சேலை முந்தியை இடுப்பில் செருகிக்கொண்டு நின்று, இருவரும் கழுவுவதையும் பிறகு ஆடுவதையும் முழுசாகப் பார்த்தாள். செல்லத்துரைக்கு வியர்த்து ஊற்றியது, ஆட்டத்தால் மட்டும் அல்ல.

ஆடி முடித்ததும் கத்தரீனாள் கருப்பாத்தாளிடம் வந்தாள். "டாக்டர் நடங்க நடங்கன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சிப்போனாரு. இந்த மனுசன் இருந்த எடத்தவிட்டு எந்திரிக்க மாட்டாரு. நீங்க ஒரு நாளும் விட்றாதீங்க" என்றாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பி, "கழுத்தத் தொங்கப்போடாம ஆடுங்க" என்றாள்.

"எதுக்கு பின்னாடி போயி ஒளிஞ்சி நின்னு ஆடுதீக? இங்க லாரிப் புகைதான் வருது" என்று கேட்டதும் அவள்தான். கருப்பாத்தாளுக்குச் சுருக்கென்றது. ஒளிந்துதான் நின்றிருக்கிறாள், இத்தனை நாளும். மறுநாளிலிருந்து கழுவுவது மட்டும் பின்னால். ஆட்டம் வண்டிக்கு முன்னால், டீக்கடைக்கும் சோதனைச்சாவடிக்கும் நேர் எதிரே.

ஆட்கள் கூடினார்கள். சிலர் விசில் அடித்தார்கள். லாரிக் கிளீனர் ஒருவன் போனை நீட்டிப் படம் பிடித்தான். கருப்பாத்தாள் நேரே போனைப் பார்த்து, "முழுசா எடு சாமி. பாதில நிறுத்தீராதே, கடைசி சுத்துதான் எனக்கே சரியா வரமாட்டீங்குது, பாக்கோணும்" என்றாள். அவன் வெட்கப்பட்டுப் போனை இறக்கினான்.

படம் எப்படியோ ஊர் சுற்றி வேல்முருகனின் கம்பெனிக்கும் வந்துவிட்டது. அவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"ஏம்புள்ள, ஷிப்டே சிரிக்குது."

"சிரிச்சு முடிச்சாங்களா, இன்னும் சிரிக்கறாங்களா?"

"விளையாடாதே. ஊருல தலை காட்டோணுமில்ல?"

"தலையைக் காட்டுங்க. நான் காலைக் காட்டறேனுங்க" என்றாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகவே சொன்னாள்: "மில்லுல இருந்தப்ப மெஷினு சொன்னபடி நின்னேன். வண்டில ரோடு சொன்னபடி நிக்கறேன். டீ குடிக்கற நேரம் மட்டும் என்ற காலு நான் சொன்னபடி போகுதுங்க. அதை ஆரு கேட்டாலும் குடுக்க மாட்டேன். நீங்க கேட்டாலும்."

வேல்முருகன் எழுந்து சட்டையைக் கழற்றி மாட்டினார். சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பொன்ராஜ் அதே படத்தைப் பார்த்துவிட்டுக் காலையிலேயே ஸ்டாண்டுக்கு வந்தார். டிக்கெட் பையை வாங்கிக்கொண்டு, "கூப்பிடற வரைக்கும் வர வேண்டாம்" என்றார். அவள் இடத்தில் ஒரு பையனை ஏற்றிவிட்டார். செல்லத்துரை ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அவளைப் பார்த்தார். "நீங்க போங்கண்ணா. பாசஞ்சர் என்ன பண்டுவாங்க" என்றாள்.

முதல் தடவையாகக் கருப்பாத்தாளுக்கு நேரம் கிடைத்தது. காலையில் ஆரம்பித்து மதியம் வரை வீட்டுக்குள் ஆடினாள். போனில் பாட்டைப் போட்டுத் தெரிந்ததையெல்லாம் கலந்தடித்து ஆடினாள். வாரக் கடைசியில் முழங்கால் வீங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நஜ்லாவின் மாடியில் போய் நின்றால், முன்னால் வந்துகொண்டிருந்ததும் வரவில்லை. தோள் திரும்பவும் இறுகிக் கிடந்தது.

"எத்தனை நேரம் ஆடினீங்க?" என்று கேட்டாள் நஜ்லா.

"பொழுதெல்லாம்."

"களைச்சுப்போய் ஆடினா தப்பாத்தான் ஆடுவோம்க்கா. மணிக்கணக்கா தப்பா ஆடினா தப்பு நல்லாப் பழகிரும். உங்க டீ நேரம்தான் உங்களுக்கு அளவு."

கருப்பாத்தாள் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே அதை யோசித்தாள். மறுநாள் காலை நேரே தொழிற்சங்க ஆபீசுக்குப் போனாள். தவறாமல் சந்தா கட்டுகிறவள், ஆனால் அந்தப் படியை அதிகம் மிதித்ததில்லை. செயலாளர் ஜோஸ் மேஜைக்குப் பின்னால் இருந்தார். பக்கத்தில் இரண்டு டிரைவர்கள். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"டான்சா?" என்றார் ஜோஸ். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. டிரைவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கருப்பாத்தாள் அவர்கள் சிரித்து முடிக்கும்வரை நின்றாள்.

"ஆச்சுங்களா? இப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஓய்வு நேரத்துல தொழிலாளி என்ன பண்டோணும், என்ன பண்டக் கூடாதுன்னு மொதலாளி சொல்லலாமுங்களா?"

ஜோஸின் முகம் மாறியது. இது ஆட்டத்தைப் பற்றிய கேள்வியாக அவர் காதில் விழவில்லை.

"அது பற்றில்ல, சேச்சி" என்றார் மலையாளத்தில். முடியாது என்று அர்த்தம்.

"ஓய்வுல வண்டியைக் கழுவச் சொல்லலாமுங்களா?"

"அதும் பற்றில்ல."

"இன்னிக்கு என்ற காலை நிறுத்தறாரு. விட்டுட்டா நாளைக்கு இவங்க சீட்டாட்டத்தையும் நிறுத்துவாருங்க" என்றாள், டிரைவர்களைக் காட்டி. அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "கேஸ் கொடுக்கணும் ஜோஸேட்டா" என்று அவர்களில் ஒருவர் உடனே சொன்னார்.

கேஸ் அளவுக்குப் போகவில்லை. ஜோஸ் அன்றே பொன்ராஜைக் கூப்பிட்டுப் பேசினார். நெடுநேரம் பேசினார். கடைசியில் பொன்ராஜ் டிக்கெட் பையைத் திருப்பிக் கொடுக்க ஒத்துக்கொண்டார். வண்டிக்குள் ஆடக் கூடாது என்ற நிபந்தனையை மட்டும் வைத்தார். "அதை நான் அன்னிக்கே ஒத்துக்கிட்டேனுங்க" என்று கருப்பாத்தாள் சொன்னாள். மன்னிப்பு கேட்கச் சொன்னார்கள். கேட்கமாட்டேன் என்றாள். எதற்கென்று சொன்னால் கேட்கிறேன் என்றாள். பொன்ராஜ் பையை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் இன்றுவரை அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் திரும்ப வண்டியில் ஏறினாள். கோபாலபுரத்தில் டீக்கடைக்கு எதிரே, வெயிலில், ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று என்ற கணக்கில் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். கூட்டம் நாளடைவில் குறைந்தது. தினமும் நடக்கிற ஒன்றை எத்தனை நாள்தான் வேடிக்கை பார்ப்பார்கள்? மழைக்காலத்தில் டீக்கடைக்காரர் தன் தகரக் கூரைக்கடியில் பெஞ்சை நகர்த்தி இடம் கொடுத்தார். செல்லத்துரைக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆனால் வலப்பக்கம் சுற்றும்போது மட்டும் தடுமாறுவார், தன் தொப்பைமேல் பழியைப் போடுவார். தப்பு தன் கையில் இருப்பதாகக் கருப்பாத்தாளுக்குச் சந்தேகம். நாள் தவறாமல் அதையே பார்த்தாள்.

ஒரு நாள் அது விளங்கியது. அவர் எடை கைக்கு வந்து சேர்வதற்கு முன்பே அவள் இழுத்துக்கொண்டிருந்தாள். அன்று இழுக்காமல் பொறுத்தாள். ஒரு இமைப்பொழுதுதான். செல்லத்துரை அவள் கைக்கடியில் தானாகவே சுற்றி வந்து எதிரே நின்றார்.

"இப்ப என்ன பண்ணுன?" என்றார் அவர்.

"ஒண்ணும் பண்டலீங்கண்ணா."

"அதயே பண்ணு, நாளைக்கும்."

தை மாதம் கோயம்புத்தூரில் ஒரு மண்டபத்தில் ஸ்விங் ஆடுகிறவர்கள் கூடினார்கள். கொச்சியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்திருந்தார்கள். நஜ்லா தன் வகுப்பு ஆட்களை ரயிலில் கூட்டிக்கொண்டு போனாள். செல்லத்துரை வரவில்லை. தெரியாத ஆட்கள் கையைப் பிடிக்கத் தனக்குக் கூச்சம் என்று சொல்லிவிட்டார். கருப்பாத்தாள் சுடிதாரின் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மண்டபத்தின் நடுவே போய் நின்றாள். ஓரத்தில் நிற்க அவளுக்குப் பிரியமில்லை.

கண்ணாடி போட்ட இளைஞன் ஒருவன் வந்து கையை நீட்டினான். "ஆடலாமாங்க?"

"ஆடலாமுங்க. நான்தான் லீட் பண்ணுவேன்."

அவன் திகைத்தான். "எனக்கு ஃபாலோ பண்ணிப் பழக்கமில்லைங்களே."

"எனக்குக்கூடப் போன வருஷம் வரைக்கும் ஒண்ணும் பழக்கமில்லீங்க. கையைக் குடுங்க."

கொடுத்தான். முதல் பாட்டில் இருவரும் முட்டிக்கொண்டார்கள். இரண்டாவதில் அவன் அவள் கை சொல்வதைக் கேட்க ஆரம்பித்தான். அதற்குப் பிறகு அவள் யார் யாருடனோ ஆடினாள். பெரும்பாலும் தன் மகள் வயதுப் பெண்கள். காலைக் குனிந்து பார்க்காமல் ஒரு பாட்டு முழுவதையும் ஆடி முடித்ததை, முடித்த பிறகுதான் கவனித்தாள். வேகமான பாட்டு ஒன்று வந்தபோது அவளுக்குக் கால் பின்தங்கிவிட்டது. ஒரு பெண்ணின் காலை மிதித்தாள், தாளம் கையைவிட்டுப் போயிற்று. "மன்னிச்சுக்கோ கண்ணு" என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய்த் தண்ணீர் குடித்தாள். அடுத்ததும் வேகமான பாட்டுதான். திரும்பப் போய் நின்றாள். அதிலும் கால் வரவில்லை. மூன்றாவது பாட்டு நிதானமானது. அதற்கு வந்தது.

பொழுது சாய அவள் வீட்டுக்கு வந்தபோது வேல்முருகன் அடுப்படியில் முக்காலி போட்டுச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் அவருக்குக் காலை ஷிப்ட்.

"எப்படி?" என்றார், நிமிராமல்.

"ரெண்டு பாட்டுக்குக் காலு வரலீங்க. ஒரு புள்ளை காலை மிதிச்சுப்புட்டேன்."

"மிச்சத்துக்கு?"

"மிச்சத்துக்கு வந்துச்சுங்க."

அவர் தலையாட்டினார். கருப்பாத்தாள் கைகால் கழுவிக்கொண்டு வந்தாள். போனில் அந்த வேகமான பாட்டைத் தேடி எடுத்து, சத்தத்தைக் குறைத்து வைத்தாள். பிறகு பாட்டை விட்டுவிட்டு, அதே எட்டுகளைப் பாதி வேகத்தில் வாய்க்குள் எண்ணி வைத்துப் பார்த்தாள்.

"இப்பத்தானே ஆடிட்டு வந்தே?"

"அங்க ஆடுனது பழக்கத்துல சேராதுங்க."

வேல்முருகன் முக்காலியோடு சுவரோரம் நகர்ந்து இடம் விட்டார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கையிலிருந்த வெங்காயத்தை முறத்தில் போட்டார். "நான் வேணா எதிர்ல வந்து நிக்கட்டுமா?"

"இன்னிக்கு வேண்டாமுங்க" என்றாள் அவள், காலை எடுத்து வைத்துக்கொண்டே. "இன்னிக்குக் காலு மட்டுந்தான். நீங்க வெங்காயத்தைப் பாருங்க."